பானெட் கேபிள் அறுந்துவிட்டது, கிரில்லை உடைக்காமல் திறக்க வழி உண்டா?

நாலுசக்கரம்:
பழைய ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறேன். வாஷர் டேங்கில் தண்ணீர் ஊற்றலாம் என்று பானெட் லீவரை இழுத்தேன். கொஞ்ச காலமாகவே அது ஓங்கி இழுத்தால்தான் திறக்கும். இந்த முறை 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு சரி, லீவர் பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடுகிறது. பானெட் இம்மியும் அசையவில்லை. வண்டி ஓடுகிறது, ஆனால் ஆயில் அளவு பார்க்க முடியாது, பேட்டரியைத் தொட முடியாது. தெரிந்த ஒருவர் கிரில்லை உடைத்துத்தான் திறக்கணும் என்கிறார். வேறு வழி இருக்கிறதா? கேபிளை நானே மாற்ற முடியுமா? ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் கையில் இருக்கிறது. சைக்கிள் பிரேக் கேபிள் போட்டால் ஆகாதா?

வளைவுப்பாதை:
ஒருவரை பானெட்டின் முன்பக்கம், லாக்குக்கு நேர் மேலே உள்ளங்கையால் அழுத்தச் சொல்லிவிட்டு லீவரை இழுத்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் திறந்தது.

கிரீஸ்கை:
அது லாக் அழுக்கேறி இறுகியிருந்தால் பலிக்கும். லீவரில் பிடிப்பே இல்லை என்கிறாரே, அப்புறம் எவ்வளவு அழுத்தி என்ன?

தம்பி, கிரில்லில் கை வைக்காதீர்கள். எங்கே அறுந்தது என்று தெரியாமல் எதையும் கழற்றவும் வேண்டாம். இந்தக் கேபிள் பெரும்பாலும் லீவர் முனையில்தான் போகும். கம்பி வளைந்து வளைந்து ஒவ்வொரு இழையாக அறுவது அங்கேதான். லீவருக்குக் கீழே தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி முனையில் இருக்கிற குண்டு கழன்றிருக்கலாம், லீவரின் பிளாஸ்டிக் உடைந்திருக்கலாம். சில நேரம் எதுவுமே அறுந்திருக்காது, அவுட்டர், அதாவது கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிக்குழாய், மட்டும் அதன் பள்ளத்திலிருந்து வெளியே வந்திருக்கும். அவுட்டர் நகராமல் நின்றால்தான் இன்னர், அதாவது உள்ளே ஓடும் கம்பி, இழுபடும். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே நகர்ந்து, லாக்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. அப்படியானால் பள்ளத்தில் திரும்ப உட்கார வைத்தால் வேலை முடிந்தது.

கம்பி அறுந்திருந்தால் மிச்சத் துண்டை லாக்கிங் பிளையரால் கவ்வுங்கள். இன்னொரு கையால் அவுட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு நேராக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மிச்ச இழைகளும் உருவிக்கொண்டு வந்துவிடும். வளைவுப்பாதை சொன்ன ஆளை இப்போது பானெட்டை அழுத்தச் சொல்லுங்கள், இப்போதுதான் அவருக்கு வேலை.

உள்ளே துண்டே தெரியவில்லை என்றால், கேபிள் போகிற பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றினால் பல வண்டிகளில் கேபிள் கைக்குக் கிடைக்கும். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு போடாமல் கையை உள்ளே விடாதீர்கள், ஜாக்கியை நம்பக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கணும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும், விரல் ஜாக்கிரதை.

நாலுசக்கரம்:
திறந்துவிட்டது! நீங்கள் சொன்னபடி லீவர் முனையில்தான் அறுந்திருந்தது. விரல் நீளத்துக்குப் பிசிறு பிசிறாகக் கம்பி. பிளையரால் இழுத்ததும் விட்டுக்கொடுத்தது. புது கேபிள் வாங்கிவிட்டேன், லீவரோடு சேர்ந்தே வந்திருக்கிறது. இதை எப்படி உள்ளே விடுவது? பழையது ஃபெண்டருக்குள் எங்கோ போய் மறைகிறது.

கிரீஸ்கை:
வேலை முடிகிறவரை பானெட்டை மூடாதீர்கள். காற்றில் விழுந்துவிடாதபடி ஸ்டே கம்பியைச் சரியாக மாட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

லாக்கைக் கழற்றுவதற்கு முன், அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். போல்ட் துளைகளில் லாக் மேலும் கீழும் நகர இடம் இருக்கும். கோடு இல்லாமல் மாட்டினால் அப்புறம் பானெட் இடைவெளியைச் சரிசெய்வதே தனி வேலையாகிவிடும்.

கேபிளை லாக்கிலிருந்து விடுவித்து, அந்த முனையில் நீளமான நைலான் கயிறு ஒன்றைக் கட்டி, முடிச்சின் மேல் டேப் சுற்றுங்கள். வழியில் இருக்கும் கிளிப்புகளை விடுவித்துவிட்டுப் பழைய கேபிளை கேபினுக்குள் இழுங்கள். கயிறு அதே வழியில் பின்னாலேயே வரும். கயிற்றின் அடுத்த முனை இன்ஜின் பக்கம் கட்டியே இருக்கணும். பிறகு புது கேபிளைக் கயிற்றில் கட்டி, இன்ஜின் பக்கத்திலிருந்து ஒருவர் இழுக்க, உள்ளிருந்து நீங்கள் மெதுவாக விட வேண்டும். ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில், கேபிள் நுழையும் துளையை அடைக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) எளிதில் உட்காராது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளுங்கள். உதடு மடங்கியபடி விட்டுவிட்டால் மழை நாளில் கால்மிதி நனையும்.

கேபிள் எங்கும் சட்டென்று மடியக் கூடாது, பெல்ட், ஃபேன், சைலன்சர் பக்கம் போகக் கூடாது.

சைக்கிள் கேபிள் கேட்டீர்கள். அதில் ஒரு முனையில்தான் குண்டு இருக்கும், அவுட்டரின் முனைகளும் இந்த லாக்கில் உட்காராது. அவசரத்துக்கு ஏதோ கிளாம்ப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன்.

நாலுசக்கரம்:
கயிறு யோசனை அருமை, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஆனால் லீவரை முழுக்க இழுத்தும் லாக் பாதிதான் நகர்கிறது. கேபிள் நீளம் தப்போ? மூடிப் பார்க்கட்டுமா?

கிரீஸ்கை:
மூடவே மூடாதீர்கள்! மூடினால் முதல் பதிவுக்கே போய்விடுவீர்கள். பானெட் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் லாக்கின் கொக்கியை அழுத்திப் பூட்டுங்கள். உள்ளே போய் லீவரை இழுங்கள். பலமுறை இழுத்தும் ஒவ்வொரு முறையும் முழுதாக விட்டால்தான் பானெட்டை இறக்கணும்.

பாதி நகர்கிறது என்றால் கேபிளை சந்தேகப்படுவதற்கு முன் லாக் பக்கத்தில் அவுட்டரின் முனையைப் பாருங்கள். பள்ளத்துக்கு வெளியே நிற்கும்.

வளைவுப்பாதை:
கேபிளுக்குள்ளும் கிரீஸ் ஏற்றிவிடுங்கள், நெடுநாள் வரும்.

கிரீஸ்கை:
லாக்குக்குச் சரி, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். பழைய கறுப்புப் பசையை முதலில் துடைத்துவிட்டு. புது கேபிளுக்குள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை இருக்கும், அதற்குள் கெட்டி கிரீஸ் ஏற்றினால் அழுக்கைப் பிடித்து இறுகும். இரண்டாவது கொக்கியையும், அதுதான் பானெட்டைத் தூக்கும்போது விரலால் தள்ளுவோமே, அதன் ஸ்பிரிங் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். முதல் லாக் ஓட்டத்தில் விட்டுவிட்டால் கண்ணாடிமேல் பானெட் எழாமல் பிடிப்பது அது ஒன்றுதான்.

நாலுசக்கரம்:
அவுட்டர் வெளியேதான் நின்றது அண்ணே. தள்ளினேன், உட்கார்ந்தது. ஸ்க்ரூடிரைவர் சோதனையில் ஒவ்வொரு முறையும் முழுதாக விடுகிறது, இப்போது மூடியும் திறந்தும் பார்த்துவிட்டேன். லைனரைக் கழற்றியபோது ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோனது. அது தனியாகக் கிடைக்குமா?

கிரீஸ்கை:
கிடைக்கும். துளையின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், ஒரே மாதிரி தெரியும், அளவு மாறும். ஒன்றுக்கு நாலாக வாங்கி வையுங்கள்.