ஏற்காட்டில் குடித்த இரவு சர்க்கரை 54-க்கு இறங்கிவிட்டது, ஏன்?

அம்மாபேட்டைக்காரன்:
வயது 46, சர்க்கரை வந்து ஏழு வருடம். காலையும் இரவும் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரை. இன்சுலின் இல்லை.

போன சனிக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு. மதியம் பகோடா பாயின்ட் பக்கம் நல்ல நடை. சாயங்காலம் ஒரு குவார்ட்டர் (180 மில்லி) விஸ்கி, தண்ணீர் கலந்துதான். தொட்டுக்கொள்ள ஆம்லெட், கொஞ்சம் சிக்கன். சர்க்கரை ஏறுமே என்று சாதத்தைத் தவிர்த்தேன். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டேன், அதில் நான் ரொம்ப ஒழுங்கு!

இரவு இரண்டரை மணிக்கு, அந்தக் குளிரில் பனியன் நனைய வியர்வை, கை நடுக்கம். ஏதேதோ உளறினேனாம். "போதை ஏறிடுச்சு, படுடா" என்று போர்த்திவிட்டார்கள். ஒருவனுடைய அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் அவன் என் பையிலிருந்த மீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்தான். 54. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிந்தேன்.

குடிக்கும் முன் 190 இருந்ததே, எப்படி இறங்கும்? அடுத்த மாதம் மச்சான் வீட்டு விசேஷம். அன்று மாத்திரையை விட்டுவிட்டால் சரியாகுமா?

செவ்வாய்ப்பேட்டை:
விஸ்கியில் சர்க்கரையே இல்லை ப்ரோ, பீர்தான் ஆகாது. ஒருநாள் மாத்திரையை விட்டால் ஒன்றும் ஆகாது. நான் அப்படித்தான்.

வார்டு அக்கா:
நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது கல்லீரல். மது உள்ளே போனால் அதை முறிக்கவே அதற்கு நேரம் சரியாக இருக்கும், புதிதாகச் சர்க்கரை செய்யும் வேலை தடைபடும். கிளிமிபிரைடோ இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். பகலில் நடந்த நடை வேறு, வயிற்றில் சோறும் இல்லை. அப்புறம் இறங்காமல் என்ன செய்யும்? குடித்து 24 மணி நேரம் வரைகூட இது வரலாம். 190 என்று நம்பிப் படுக்கக் கூடாது.

மாத்திரையை நீங்களாக விடாதீர்கள் தம்பி. அன்றைக்கு என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வெட்கப்படாமல். அளவும் பாருங்கள். ஆண்களுக்கு ஒரு நாளில் 45 மில்லி வீதம் இரண்டு, பெண்களுக்கு ஒன்று, அதுதான் உச்ச வரம்பு. குவார்ட்டர் அதைப்போல இரண்டு மடங்கு. அதிகமாகக் குடித்தால் மெட்ஃபார்மினோடு சேர்ந்து ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. சோறோ சப்பாத்தியோ சாப்பிடாமல் தொடவே கூடாது. படுக்கும் முன் ஒருமுறை குத்திப் பாருங்கள். கல்லீரல், கணையக் கோளாறு இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

காபித்தோட்டம்:
நண்பர்கள் "ஏறிடுச்சு" என்றதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போதைக்கும் தாழ்சர்க்கரைக்கும் உளறல், தள்ளாட்டம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் மலைக் குளிரில் ஒருவனுக்கு வியர்த்தால் உடனே மீட்டரைத் தேடுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மறுநாள் யார் வண்டி ஓட்டியது?

அம்மாபேட்டைக்காரன்:
நான்தான். 20 கொண்டை ஊசி வளைவையும், சர்க்கரை பார்க்காமல், வெறும் டீயோடு. இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அம்மாபேட்டைக்காரன் (நான்கு நாள் கழித்து):
டாக்டரைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இரவு மாத்திரையை மாற்றியிருக்கிறார். விசேஷத்துக்கு முதலில் பந்தி, அப்புறம்தான் மற்றது, அதுவும் 45 மில்லியோடு சரி.

வார்டு அக்கா:
வீட்டில் சொல்லியாச்சா?

அம்மாபேட்டைக்காரன்:
நான் சொல்லவில்லை அக்கா. மீட்டரில் தேதி, நேரத்தோடு பதிவாகியிருந்தது. அவளே பார்த்துவிட்டாள்.