உதவி: அமெரிக்க சரக்கு ரயில் பிரேக் சோதனை – 4 மணி நேரமா, 24 மணி நேரமா?

கோவை_கோடர்:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஒரு சின்ன சரக்கு ரயில் நிறுவனத்துக்கு யார்டு மென்பொருள் எழுதுகிறோம். எஞ்சினைக் கழற்றி நிறுத்திய பெட்டிகள் குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டிவிட்டால், "கிளாஸ் 1 பிரேக் சோதனை தேவை" என்று திரையில் எச்சரிக்கை வர வேண்டும். (கிளாஸ் 1 என்றால் ரயில் புறப்படும் முன் எல்லாப் பெட்டிகளின் பிரேக்கையும் பார்க்கும் முழுச் சோதனை.) அவர்கள் தந்த பயிற்சிக் கையேட்டில் 4 மணி நேரம் என்று இருக்கிறது. இணையத்தில் 24 என்கிறார்கள். அதுபோக, "பிரேக்கை இயக்கும் காற்று வண்டியில் இருந்துகொண்டேதான் இருந்தது, எச்சரிக்கை ஏன் வருகிறது?" என்று யார்டு ஆட்கள் கேட்கிறார்கள். எஞ்சின் கழன்ற நேரத்திலிருந்து எண்ணுகிறோம். ஜி.சி.ஓ.ஆர். விதிநூலில் தேடினேன், இதற்கு விடை கிடைக்கவில்லை. எதை நம்புவது?

டெக்சஸ்_வேகன்:
தேடிய இடம்தான் வேறு. ஜி.சி.ஓ.ஆர். வண்டி ஓட்டும் விதிகள், மேற்குப் பக்க நிறுவனங்கள் பல சேர்ந்து வைத்திருப்பது. பிரேக்குக்கான சட்டம் சி.எஃப்.ஆர். (அமெரிக்க மத்திய அரசின் விதித் தொகுப்பு) தலைப்பு 49, பகுதி 232. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். 232.205-ஐப் பாருங்கள்.

2001-இல் வந்த விதியில் 4 மணி நேரம்தான். 2020 டிசம்பரில் எஃப்.ஆர்.ஏ. (அமெரிக்க மத்திய அரசின் ரயில் துறை அமைப்பு) அதை 24 ஆக்கியது. உங்கள் கையேடு அதற்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் 24 என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். நிறுவனத்துக்கென்று ஏர் பிரேக் விதிப் புத்தகம் தனியாக இருக்கும், அதில் அவர்கள் இன்னும் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். அதன் இப்போதைய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது சிக்கலுக்கு விடை 232.5-இல், வரையறைப் பகுதியில் இருக்கிறது. குறைந்தது 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தமுள்ள, தொடர்ந்து காற்று தரும் மூலத்தோடு இணைப்பு இல்லாத நிலைதான் 'ஆஃப் ஏர்'. எஞ்சின் போனதும் யார்டு கம்ப்ரஸர் குழாயை மாட்டிவிட்டால் கடிகாரம் ஓடக் கூடாது. நீங்கள் எண்ண வேண்டியது காற்று துண்டிக்கப்பட்ட நேரத்தை.

கோவை_கோடர்:
மிக்க நன்றி அண்ணா! யார்டு கம்ப்ரஸர் என்று ஒன்று இருப்பதே எங்கள் தேவைப் பட்டியலில் இல்லை. 1,000 மைல் சோதனை பற்றியும் ஒரு கேள்வி: ரயில் புறப்பட்ட இடத்திலிருந்து மைல் எண்ணினால் போதுமா?

டெக்சஸ்_வேகன்:
போதாது. நீங்கள் கேட்கும் 1,000 மைல் சோதனைதான் கிளாஸ் 1ஏ. அதற்கு, ரயிலில் உள்ள *எந்த ஒரு பெட்டியும்* கடைசியாகக் கிளாஸ் 1 அல்லது 1ஏ சோதனை பெற்ற இடத்திலிருந்து 1,000 மைலைத் தாண்டக் கூடாது. வழியில் 700 மைல் ஓடிய பெட்டிகளைச் சேர்த்தால் மொத்த ரயிலுக்கும் மிச்சம் 300தான். அதனால் மைல் கணக்கைப் பெட்டி எண்ணோடு கட்டுங்கள், ரயில் எண்ணோடு அல்ல.

கிளாஸ் 1 பதிவில் தேதி, நேரம், இடம், பெட்டிகளின் எண்ணிக்கை, சோதித்தவர் யார் என்பதெல்லாம் வர வேண்டும். காகிதமோ மின்பதிவோ, ரயில் சேருமிடம் போகும்வரை எஞ்சின் கேபினில் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_கார்டு:
தம்பி, நான் சரக்கு வண்டியில் கார்டாக இருந்தவன். நம்மூரில் பிரேக் பவர் சர்டிபிகேட் (பிரேக் சரியாக வேலை செய்கிறது என்ற சான்று) இல்லாமல் வண்டி நகராது. அதை மனதில் வைத்துச் சொல்கிறேன். திரையில் "24 மணி நேரம் வரை பாதுகாப்பு" என்ற மாதிரி எதுவும் எழுதிவிடாதீர்கள். இந்த 24 மறுசோதனைக்கான கணக்கு. நிறுத்திய வண்டி நகராமல் நிற்பது வேறு விஷயம். காற்று கசிந்துகொண்டே இருக்கும், கை பிரேக்தான் பிடிக்க வேண்டும். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகாந்திக்கில் கச்சா எண்ணெய் ரயிலின் எஞ்சினை அணைத்த பிறகு காற்று இறங்கியது. போட்டிருந்த கை பிரேக்குகள் போதவில்லை. வண்டி தானாக உருண்டு ஊருக்குள் வந்து 47 பேர் போனார்கள்.

டெக்சஸ்_வேகன்:
ஐயா சொல்வது ரொம்ப முக்கியம். அதற்கான பிரிவு 232.103, உட்பிரிவு 'என்'. முடிந்தால் எத்தனை கை பிரேக் போட்டார்கள் என்று பதிய ஒரு கட்டத்தைத் தனியாக வையுங்கள்.

கோவை_கோடர்:
செய்துவிடுகிறேன் ஐயா. நேர வரம்பை நிறுவனமே மாற்றும்படி அமைப்பில் வைக்கிறோம், 24-ஐத் தாண்டவிடாமல் பூட்டு போடுகிறோம். காற்று இணைத்த நேரம், துண்டித்த நேரம் இரண்டுக்கும் பொத்தான் வருகிறது. அவர்களுடைய பிரேக் விதிப் புத்தகம் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புகிறேன்.