இஎஃப் 38, ஆனாலும் ஐசிடி: அண்ணனின் இசிஜி அனுபவம்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர்கள் எக்கோ ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது இஎஃப் எவ்வளவு என்பதைத்தான், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை. என் அண்ணனுக்கு 38 சதவீதம். மாத்திரைகள் சாப்பிட்டும் 35 அல்லது அதற்குக் கீழேயே நின்றால்தான் பொதுவாக ஐசிடி (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து நிறுத்த உடலுக்குள் வைக்கும் கருவி) பற்றிப் பேச்சை எடுப்பார்கள், அதனால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் திடீர் இதய மரணம் நேர்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு இஎஃப் 35-க்கு மேலேதான் இருந்திருக்கிறது என்று இதய மின்னியல் டாக்டர் சொன்னதும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் அண்ணனின் பழைய இசிஜியையும் புதியதையும் மேசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக விரித்து, பேனா முனையால் கட்டங்களை எண்ணிக் காட்டினார். ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். மாரடைப்புக்கு முந்தைய தாளில் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிய கூர்மையான க்யூஆர்எஸ் (கீழறைகளில் மின்னோட்டம் பரவுவதைக் காட்டும் அலை), புதியதில் மூன்றைத் தாண்டி அகன்று, உச்சியில் ரம்பப் பல் மாதிரி உடைந்திருந்தது. செத்துப்போன தசை தழும்பாகிவிட்டதால் மின்னோட்டம் அதற்குள் நேராகப் போக முடியாமல் சுற்றி வளைத்து, தாமதமாகப் போகிறதாம். அந்தச் சுற்றுப்பாதையிலேயே மாட்டிக்கொண்டு சுழல ஆரம்பித்தால் அதுதான் விடி என்கிற ஆபத்தான வேகத் துடிப்பு, அது முற்றினால் இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும். க்யூடி என்பது கீழறைகள் மின்னோட்டத்தால் தூண்டப்பட்டு மறுபடி பழைய நிலைக்கு வர ஆகும் நேரம், அதைத் துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்தினால் க்யூடிசி. இந்தக் க்யூடிசியை மட்டும் மெஷின் அச்சிட்ட எண்ணை நம்பாமல் கையால் மறுபடி கணக்குப் போட்டார், க்யூஆர்எஸ் அகன்றாலே க்யூடியும் நீண்டதாகத் தெரியும் என்பதால்.

இதில் எதுவுமே தனியாக நின்று முடிவு சொல்லாது, இசிஜி ஒழுங்காக இருந்தாலும் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. சாதாரண இசிஜி பார்ப்பது வெறும் 10 விநாடி. அதனால் 24 மணி நேரமும் இசிஜியைப் பதிவு செய்கிற ஹோல்டர் கருவியை மாட்டிவிட்டார். அண்ணன் அசந்து தூங்கிய நேரத்தில் கீழறையிலிருந்து வேகத் துடிப்புகள் சின்னச் சின்னத் தொடராக வந்து தானாக நின்றிருந்தன, அவருக்கு எதுவுமே தெரியவில்லை. அப்புறம் இபி ஸ்டடி, அதாவது இதயத்தின் மின்னோட்டத்தை உள்ளிருந்தே சோதிப்பது. ஒயர் வழியாக இதயத்தைத் தூண்டிப் பார்த்ததில் விடி வந்தேவிட்டது. மாரடைப்புத் தழும்பு, 40-க்குள் இஎஃப், ஹோல்டரில் அந்தத் தொடர்கள், தூண்டினால் வரும் விடி எல்லாம் சேர்ந்துவிட்டதால் ஐசிடி வைத்தே ஆகவேண்டும் என்றார், வைத்தாயிற்று. பின்னர் ஒரு செக்கப்பில் கருவியின் பதிவைப் பார்த்தால், நடுவில் ஒருமுறை உண்மையிலேயே விடி வந்திருக்கிறது, ஷாக் கொடுக்காமல் அதைவிட வேகமான துடிப்புகளைக் கொடுத்தே கருவி அடக்கியிருக்கிறது.

பழைய இசிஜி இல்லாமல் அந்த ஒப்பீடே நடந்திருக்காது. தயவுசெய்து உங்கள் வீட்டு நோயாளியின் ஒவ்வொரு இசிஜியையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மெஷின் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். க்யூடி நீளமாக இருப்பவர்கள் சளி, இருமலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் அதைச் சொல்லுங்கள், அசித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக்குகள் அதை இன்னும் நீட்டிவிடும்.