பொருள்: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் வரும் அடுத்த அறுவைக்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

உடல்பருமனுக்காகச் செய்த அறுவை போதிய பயனைத் தராதபோது, அல்லது புதிய தொல்லையைக் கொண்டுவரும்போது, அதன்மேல் செய்யப்படும் ‘ரிவிஷன்’ அறுவைக்குத் ‘திருத்த அறுவை’ என்னும் சொல்லை ஐயா அவர்கள் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார்கள். நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவங்களைக் கோவையில் தமிழில் எழுதித் தருபவன் என்ற முறையில் அதனை ஏற்கத் தயங்குகிறேன்.

அச்சொல் இருந்த வரைவைத் தாராபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தாளின்மேல் விரலை வைத்து என்னை நிறுத்தி, “அப்ப மொதல்ல பண்ணுனது தப்புங்களா? இல்ல, நான் வாயைக் கட்டாம விட்டுட்டேன்னு எழுதியிருக்குதுங்களா?” என்று கேட்டார். இரண்டுமே இல்லை. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை அவருக்குச் செய்யப்பட்டிருந்தது. எடை ஓரளவு இறங்கி மீண்டும் ஏறத் தொடங்கியது. அத்துடன், இவ்வறுவைக்குப் பின் சிலருக்கு நேர்வதைப்போல், அமிலம் மேலேறி இரவெல்லாம் நெஞ்சை எரித்தது. எனவே அதனை, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் ‘பைபாஸ்’ அறுவையாக மாற்றலாம் என்று முடிவாயிற்று. எடை திரும்பியதற்கும் அவரைக் குற்றம் சொல்ல இயலாது. இளைத்த உடல் பசியைக் கூட்டியும் ஆற்றல் செலவைக் குறைத்தும் பழைய எடையை நோக்கியே இழுக்கும். காடு திருத்துதல் என்று நாம் சொல்லும்போது அதில் குற்றம் எதுவும் தொனிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் கையொப்பம் இடவேண்டிய தாளில் அச்சொல்லைக் காண்பவருக்கு விடைத்தாள் திருத்துவதே முதலில் நினைவுக்கு வருகிறது.

மற்றச் சொற்களுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. குருதிக்கசிவுக்காக மறுநாளே வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதனைச் சொல்ல ‘மறு அறுவை’ தேவை. ‘மாற்று அறுவை’ என்றாலோ, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் போல யாரோ ஒருவருடைய இரைப்பையைப் பொருத்துவதாக மக்கள் எண்ணிவிடுவார்கள். எடை இறங்கியபின் தொங்கும் தோலை அகற்றுவதைச் ‘சீரமைப்பு’ என்கிறோம். ‘இரண்டாம் கட்ட அறுவை’ என்பது முன்கூட்டியே திட்டமிட்டதைக் குறிக்கும். மிகக் கடும் பருமன் உடையவர்களுக்கு ஸ்லீவ் முறையே தொடக்கத்தில் அவ்வாறு முதற்கட்டமாகத்தான் செய்யப்பட்டது.

ஆகவே ‘செப்ப அறுவை’ என்பதை முன்வைக்கிறேன். 700 ஆண்டுகளைக் கடந்த காலிங்கராயன் வாய்க்காலைச் செப்பனிடுகிறார்கள் என்றால், வெட்டியவரையோ தண்ணீர் பாய்ச்சுகிறவரையோ குறை கூறுவதாக ஈரோட்டுப் பக்கம் எவரும் கருதுவதில்லை. செப்பனிடுதல் பழைய வடிவத்தைக் காப்பது, பைபாஸோ புதிய வடிவம் ஆயிற்றே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதற்காகவே செப்ப அறுவையைப் பொதுச்சொல்லாக வைத்து, ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை ‘வகைமாற்றம்’ என்றும், அதே முறையை வைத்துக்கொண்டு குறுகிப்போன இணைப்பு போன்றவற்றைச் சரிசெய்வதைக் ‘குறைநீக்கம்’ என்றும், குடலையும் இரைப்பையையும் முன்பிருந்தபடி இணைப்பதை ‘மீட்டமைப்பு’ என்றும் பிரிக்கலாம். வெட்டிய பகுதி உடலிலேயே இல்லாததால் ஸ்லீவுக்கு மீட்டமைப்பு கிடையாது, பைபாஸுக்கு உண்டு. இந்த வேறுபாடு படிவத்தில் ஐயமின்றித் தெரியவேண்டும்.

இடர் பற்றிய பத்தியையும் மாற்றியிருக்கிறேன். முன்பு அறுத்த இடத்தில் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், இரண்டாம் முறை அறுப்பதில் கசிவு முதலிய சிக்கல்களுக்கு இடம் அதிகம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் அந்த அம்மாவின் வீட்டுக்காரர், “தெச்சதப் பிரிச்சுத் தெக்கறதுங்க, துணி கிழியாமப் பிரிக்கறதுதான் கஷ்டம்” என்றார். நான் எழுதியிருந்த நான்கு வரியை அடித்துவிட்டு அதையே எழுத்துத் தமிழாக்கிச் சேர்த்தேன்.

எஞ்சியிருப்பது ஓர் ஐயம். ‘செப்ப அறுவை’யைச் சேர்த்துச் ‘செப்பறுவை’ என்று எழுதினால் செப்பு என்னும் உலோகம் முன்வந்து நிற்கிறது. பிரித்தே எழுதலாமா, ‘செப்பனீட்டு அறுவை’ என நீட்டலாமா? படிவம் அச்சுக்குப் போகுமுன் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லவேண்டும்.