கல்யாணப் பத்திரிகையில் ஒரு சொல், கொஞ்சம் உதவுங்க

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

யாங்கூனிலிருந்து எழுதுகிறேன். தம்பி கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷில் 1611ஆம் வருஷத்து ஜேம்ஸ் மன்னர் பைபிள் வசனம், ஆதியாகமம் 2:24. அதில் 'க்ளீவ்' என்ற வினை வருகிறது. சித்தப்பா பையன் போனில் போட்டு மாற்றியதில் வந்தது, 'புருஷன் தன் மனைவியைப் பிளப்பான்'! அச்சுக்குப் போகுமுன் அம்மா கண்ணில் பட்டது, பிழைத்தோம்.

போன் சொன்னதும் முழுப் பொய்யில்லை. கறிக்கடை மாமா எலும்பு வெட்டும் அகலக் கத்திக்கு 'க்ளீவர்' என்றுதானே பேர். தேடிப் பார்த்தேன். பழைய இங்கிலீஷில் இரண்டு தனித்தனி வினைகள்: 'க்ளியோஃபன்' என்றால் பிளப்பது, 'க்ளிஃபியன்' என்றால் ஒட்டுவது. காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. ஜெர்மனில் ஒட்டுவதற்கு இன்றும் 'க்ளேபன்'தான். பூண்டுப் பல்லை 'க்ளோவ்' என்பதும் பிளக்கிற வினையின் வழிதான். (மசாலாக் கிராம்பு வேறு, அது பிரெஞ்சில் ஆணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.)

வசனத்தில் இருப்பது ஒட்டுகிற வினை. எபிரேய மூலச் சொல்லுக்கும் ஒட்டிக்கொள்வது என்றே பொருள். நம் தமிழ் பைபிளில் 'இசைந்திருப்பான்'. அழகுதான், ஆனால் சொன்னதற்குத் தலையாட்டுவான் என்பதுபோல என் காதில் விழுகிறது. 'ஒட்டிக்கொள்வான்' என்றால் ஸ்டாம்ப் ஞாபகம் வருகிறது. 'பற்றிக்கொள்வான்' சரிவருமா? இல்லை, பெரியவர்கள் முகம் சுளிக்காமலிருக்க பழையதையே விடட்டுமா?

இன்னொன்று: தமிழிலும் இப்படி எதிரெதிர்ப் பொருள் தரும் ஒரே வினை இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கணும்.