யானைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, வேறு விளையாட்டு சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 5 வயது. வேலை முடிந்து நான் வீடு வர இரவு 8 மணி ஆகிவிடும். செருப்பைக் கழற்றுவதற்குள் "அப்பா, யானை!" என்பாள். இத்தனை நாளும் நான்தான் யானை, அவள் பாகன். போன வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டு யானை படுத்துவிட்டது.

உட்கார்ந்து ஆடலாமே என்று தரையில் ஆடு புலி ஆட்டம் வரைந்தேன். 3 புலி, 15 ஆடு. முதல் ஆட்டை வெட்டியதுமே ஒரே அழுகை! சரி, பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 சோழி. எண்ணிப் போடுவது பிடிக்கிறது, ஆனால் பத்து நிமிடம்தான். அப்புறம் சோழியை அள்ளிக்கொண்டு சோறு சமைக்கப் போய்விடுவாள். நண்டூருது நரியூருது மட்டும் அலுப்பதே இல்லை. ஆனால் கிச்சுகிச்சு மூட்டினால் தூக்கம் பறந்துவிடுகிறது. வீட்டில் எனக்குத்தான் திட்டு.

குனியாமல், சுமக்காமல், அவள் சிரிக்கிற மாதிரி என்ன ஆடலாம்? பல்லாங்குழியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எளிதாக்கி ஆடியவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். செல்போன் விளையாட்டு வேண்டாம், அதில் அவள்தான் எனக்கு வாத்தியார்.