எக்ஸ்86-ல் பாஸ், எம்1-ல் வேற விடை: உங்களுக்கு நடந்தது என்ன?

கொடிவேரி:
ஆர்-ங்கிற புள்ளியியல் மொழியில எழுதின பேக்கேஜை வேற சிப்புல (இன்டெல் மாதிரி எக்ஸ்86 வகையில இருந்து ஆப்பிள் எம்1 மாதிரி ஆர்ம் வகைக்கு) ஓட்டிப் பார்த்து மாட்டிக்கிட்டவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. என்னோடதைச் சொல்றேன், ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

வீட்டுக் கணக்கெடுப்புத் தரவை எடை போட்டு அட்டவணையாக்குற ஒரு பேக்கேஜ், ஆபீஸுக்குள்ள மட்டும் புழங்குறது. எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினார், உள்ள கொஞ்சம் சி கோடு. இன்டெல் லினக்ஸ்ல வருஷக்கணக்கா ஓடுச்சு. புதுசா சேர்ந்த பொண்ணுக்கு எம்1 மேக் கொடுத்தாங்க. அதுல டெஸ்ட் எல்லாம் பாஸ், ஒரு எச்சரிக்கைகூட இல்ல. அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துட்டு வந்து என் மேசைமேல வெச்சு, "அண்ணா, இந்த வரியைக் கொஞ்சம் பாருங்க"ன்னா.

வயது 0. திருமணமானவர். குழந்தைகள் 3.

அப்படி ஒண்ணு ரெண்டு இல்ல, பக்கத்துல பாதி. வயசு தெரியாதவங்களுக்கு எல்லாம் தரவுல என்ஏ (தரவு இல்லைங்கிற குறி) இருக்கு. டபுள்ல, அதாவது 64 பிட் தசம எண்ல, என்ஏ-ங்கிறது ஒரு வகை நேன்தான் ("எண் அல்ல"ங்கிற மதிப்பு), உங்களுக்குத் தெரியும். சி கோடு அதை எந்தச் சோதனையும் பண்ணாம நேரா முழு எண்ணா மாத்துது. இன்டெல்ல நேனை முழு எண்ணாக்கினா −2147483648 வரும். ஆர்ல முழு எண் என்ஏ-வும் அதே −2147483648. அதனால என்ஏ உள்ள போயி என்ஏ-வாவே வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சு, யாரும் அதுக்குன்னு ஒரு வரி எழுதாமலேயே! ஆர்ம் சிப்புல அதே மாற்றம் 0 கொடுக்குது. சி தரநிலையில இந்த மாற்றத்துக்கு விடையே வரையறுக்கல, ஆக எந்தச் சிப்பையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துறது வேற. டெஸ்ட் ஃபெயில் ஆகியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். எல்லாம் பச்சை. வயசுங்கிறதால கண்ணுல பட்டுச்சு. ஆடுமாடு எண்ணிக்கையா இருந்திருந்தா அந்த 0 அப்படியே அறிக்கைக்குப் போயிருக்கும்.

பீளமேட்டுப் பையன்:
கொடிவேரி அண்ணா, 3 குழந்தை வரியைப் படிச்சுட்டுச் சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

எங்களோடது ஃபெயில் ஆன கதை. கிரான்ல (ஆர் பேக்கேஜ்களோட பொதுக் களஞ்சியம்) இருக்கிற எங்க பேக்கேஜுக்கு எம்1 மேக்ல ஒரு டெஸ்ட் ஒத்துவரலைன்னு தகவல். எங்க லேப்ல யார்கிட்டயும் மேக் இல்ல. பக்கத்து டிபார்ட்மென்ட் ஸ்காலர் ஒருத்தர்கிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தோம். ரெண்டு லேப்டாப்பும் பக்கத்துல பக்கத்துல. எங்க டெஸ்டைச் சுருக்கிச் சுருக்கி ஒரே வரிக்குக் கொண்டுவந்தோம்: 10-இன் 16ஆம் அடுக்கு, 1, மைனஸ் 10-இன் 16ஆம் அடுக்கு. இந்த மூணையும் சம் ஃபங்ஷன்ல போடு.

என் டெல்-ல 1. அவர் மேக்ல 0.

கூட்டல்! மூணு எண்ணைக் கூட்டுறதுல ரெண்டு கம்ப்யூட்டர் சண்டை போடுது. கைடு வந்து பின்னாடி நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டார். காரணம் லாங் டபுள், டபுளைவிட அகலமா இருக்கக்கூடிய எண் வகை. ஆர் கூட்டும்போது உள்ளே லாங் டபுள்ல சேத்துவெச்சுக் கடைசியில டபுளாக்குது. எக்ஸ்86-ல அது 80 பிட், அந்த 1 தப்பிச்சுக்குது. ஆர்ம்-ல லாங் டபுளும் வெறும் 64 பிட்தான், பெரிய எண்ணோட சேந்தவுடனே 1 காணாமப் போயிடுது. அதனால ஆர்ம்-ல விடை தப்பா வருது, அவ்வளவுதான் விஷயம்.

தேனருவி:
பீளமேட்டுத் தம்பிக்கு இரண்டு மறுப்புகள்.

ஒன்று, "ஆர்ம்-ல தப்பா வருது" என்பது. டபுள் எண்ணுக்கு 53 பிட் துல்லியம்தான். 10-இன் 16ஆம் அடுக்கின் அருகே அடுத்தடுத்த டபுள் எண்களுக்கு நடுவே இடைவெளி 2. அங்கே 1 சேர்த்தால் பழைய எண்ணே திரும்பி வருவதுதான் ஒழுங்கான டபுள் கணக்கு. மேக் ஒழுங்காக நடந்துகொண்டது. எக்ஸ்86-தான் கேட்காமலே கூடுதலாக 11 பிட் கொடுத்து நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது.

இரண்டு, ஆர்ம் என்றால் லாங் டபுள் 64 பிட் என்பது. இல்லை. அது ஆப்பிள் எடுத்த முடிவு. 64 பிட் ஆர்ம் லினக்ஸில் லாங் டபுள் 128 பிட், மென்பொருளால் கணக்கிடுவது. மெதுவானது, ஆனால் துல்லியம் எக்ஸ்86-ஐவிட அதிகம். உங்கள் மூன்று எண்களையும் அங்கே போட்டால் 1 வரும்.

எனக்கு இது தெரிந்ததே ஒரு கசப்பில்தான். மேக் இல்லாததால் கிளவுடில் ஓர் ஆர்ம் லினக்ஸ் எந்திரத்தை மணிக்கணக்குக்கு வாடகை எடுத்து முழு டெஸ்டையும் ஓட்டினோம். சுத்தமாகப் பாஸ். "ஆர்ம்-ல பார்த்தாச்சு" என்று குழுவுக்கு அறிவித்த அன்றைக்கே மேக்கிலிருந்து ஃபெயில் வந்தது. ஒரே கட்டளைத் தொகுதிதான், ஆனாலும் அடியில் இருக்கும் இயங்குதளம் மாறினால் எண்ணின் அகலமே மாறுகிறது. "எந்தச் சிப்?" என்று மட்டும் கேட்கிற டெஸ்ட் பட்டியல்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

சும்மா_வந்தேன்:
எனக்கும் இதே பிரச்சினை! விண்டோஸ்ல பாஸ், லினக்ஸ் சர்வர்ல ஃபெயில். பெயர்ப் பட்டியலைச் சார்ட் பண்ணினா பெரிய எழுத்து எல்லாம் மேல வந்து நின்னுடுச்சு, மாவட்ட வரிசையே கலைஞ்சு போச்சு.

தேனருவி:
அது லொக்கேல், அதாவது மொழி, அகரவரிசை அமைப்பு. சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய எழுத்தை முன்னால் வைக்கும் சி லொக்கேலில் சர்வர் ஓடியிருக்கும்.

சும்மா_வந்தேன்:
சரிங்க மேடம். ஃபெயில் ஃபெயில்தானே.

முதுகலை_மொட்டைமாடி:
சிப்பே மாத்த வேண்டாம் சார். ரெண்டும் இன்டெல்தான் என் கதையில.

முதன்மைக் கூறு ஆய்வு, நிறைய மாறிகளைச் சில அச்சுகளாச் சுருக்குற முறை. ஆய்வேட்டுல படம் போட்டாச்சு, விளக்கமும் எழுதியாச்சு: "வலப்பக்கம் செல்லச் செல்ல வருமானம் கூடுகிறது". வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் என் ஸ்கிரிப்டைத் தன் லேப்டாப்ல ஓட்டிட்டு வந்திருக்கார். படத்தைத் திருப்பிக் காட்டினார். வருமானம் இடப்பக்கம் போகுது. கண்ணாடியில பாத்த மாதிரி என் படம்! "இதுல எது உண்மை?"ன்னு கேட்டார். ரெண்டும்தான்னு சொன்னேன். ஹாலே சிரிச்சது. கைடு சிரிக்கல.

அந்த அச்சோட திசையைத் தர்ற ஐகன் வெக்டரை −1-ஆல பெருக்கினாலும் அது ஐகன் வெக்டர்தான். குறி எந்தப் பக்கம் விழும்னு லாபேக் (அணிக் கணக்கு நூலகம்) எந்த வாக்கும் கொடுக்கிறதில்ல. இந்த ஆய்வைப் பண்ற ஆர் ஃபங்ஷன் பிஆர்காம்ப்போட உதவிப் பக்கத்துலயே எழுதியிருக்கு, ஆரோட வேற வேற பில்டுகளுக்கு நடுவிலயே குறி மாறலாம்னு. அணிக் கணக்கை வேகமாப் போடுற ஓப்பன்பிளாஸ் நூலகம், ஓடத் தொடங்கும்போதே எந்தத் தலைமுறைச் சிப்புன்னு பாத்து அதுக்கேத்த கெர்னலை (கணக்குப் போடுற கோடை) எடுத்துக்குது. கூட்டுற வரிசை மாறும், கடைசி பிட் மாறும், குறி கவுந்துடும். ஓப்பன்பிளாஸ்_கோர்டைப்-ங்கிற சூழல் மாறியை மாத்தி மாத்தி வெச்சு ஒரே எந்திரத்துலயே இந்த வித்தியாசத்தைத் தேடலாம், அது வைவாவுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. இப்ப எங்க பேக்கேஜ்ல ஒவ்வொரு கூறிலும் அளவில் பெரிய எண் எதுவோ அது நேர்க்குறியா இருக்கணும்னு விதி போட்டுட்டுத்தான் ஒப்பிடுறோம்.

பழைய கை:
தம்பிகளா, எல்லாரும் கதை சொல்றீங்க, வழி யாரும் சொல்லல. என் கதை சின்னது: 2×2 அணிக்கோவை, நாலு இடத்திலும் 0.1. எக்ஸ்86-ல் சுத்தமான 0, "தலைகீழ் கிடையாது" என்று நிற்கும். ஆர்ம் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் தானாகவே பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையாக்கிவிட்டது. ஒரு பெருக்கல் ரவுண்ட் ஆச்சு, இன்னொன்று ஆகவில்லை. விடை பூஜ்யம் அல்ல, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு துளி. அதால் வகுத்து, மலை மலையாகக் கெழுக்கள். முடிந்தது.

இப்போது கேளுங்கள். கொடிவேரி தம்பி, முதலில் சேனிடைசர் (ஓடும்போதே பிழையைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டு பில்டு பண்ணுங்கள். ஆனால் ஒன்று: ஜிசிசியில் பொதுவான அன்டிஃபைன்ட் சேனிடைசரைப் போட்டால் உங்கள் பிழை மாட்டாது. ஃப்ளோட்-காஸ்ட்-ஓவர்ஃப்ளோ என்பதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதைக் கேட்டிருந்தால் இன்டெல்லிலேயே அந்த வரியைக் காட்டிக்கொடுத்திருக்கும், மேக்கே தேவையில்லை. அடுத்தது, துளியும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஐடென்டிகல் கொண்டு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். சிறு வித்தியாசத்தைப் பொறுக்கும் ஆல்.ஈக்வல் இருக்கிறது, அதன் இயல்பான சகிப்பு 1.5 × 10-இன் −8ஆம் அடுக்கு. அதற்காக, ஃபெயில் ஆகும்போதெல்லாம் சகிப்பைத் தளர்த்திக்கொண்டே போகாதீர்கள். நடைமுறையில் எத்தனை இலக்கம் தேவை என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வையுங்கள். பீளமேட்டுக்காரர் மேக் தேடி அலைந்திருக்கவே வேண்டாம். ஆரை மூலத்திலிருந்து பில்டு பண்ணும்போது லாங் டபுளை முடக்கும் வசதி உண்டு. பேக்கேஜ்களைச் சோதிக்கும் ஆர்-ஹப் சேவையில் அதற்கென்றே தயார் கன்டெய்னரும் இருக்கிறது. நிஜ மேக் வேண்டும் என்றால் ஆர் திட்டத்தின் மேக்பில்டர் பக்கத்தில் பேக்கேஜை ஏற்றினால் ஓட்டி லாகைத் தருவார்கள், காசில்லை. பெருக்கல்-கூட்டல் இணைப்பால் வரும் வித்தியாசமா என்று சந்தேகமா, கம்பைலரின் எஃப்பி-கான்ட்ராக்ட் கொடியை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். வித்தியாசம் மறைந்தால் குற்றவாளி அதுதான். மறையவில்லை என்றால் பிளாஸை (அணிக் கணக்கு நூலகத்தை) மாற்றிப் பாருங்கள், ஆரோடு வரும் சொந்த பிளாஸ் மெதுவானது, ஆனால் ஒப்பிட நல்லது. ரேண்டம் எண்களுக்கு விதை எண் போடுவதை...

கொடிவேரி:
ஐயா, நன்றி. நான் வழி கேட்கல, நடந்ததைச் சொன்னேன். அந்த வரியைத் திருத்தியாச்சு. ஆனா ஃப்ளோட்-காஸ்ட் தனியா கேக்கணும்ங்கிறது தெரியாது, அதை எடுத்துக்கிறேன்.

மழைமானி:
பெரிய எண்டியன், அதாவது எண்ணின் உயர்மதிப்பு பைட்டை முதலில் வைக்கும் எந்திரங்களின் கதை ஒன்றும் வரவில்லையே. நான் தருகிறேன்.

மழை அளவுக் கருவிகள் எழுதும் பைனரி கோப்பைப் படிக்கும் பேக்கேஜ். டெபியன் லினக்ஸில் சேர்ந்தது. டெபியன் ஒரு பேக்கேஜை எக்ஸ்86-க்கு மட்டும் கட்டுவதில்லை, ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் எஸ்390எக்ஸுக்கும் கட்டும். அங்கே பைட் வரிசை தலைகீழ். லாக் வந்தது. எதிர்பார்த்த மழை: 1 மில்லிமீட்டர். கிடைத்த மழை: 16777216 மில்லிமீட்டர். 16 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கிறது!

அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, 2-இன் 24ஆம் அடுக்கு. நாலு பைட்டில் முதலில் இருந்த 1, மிகக் குறைந்த மதிப்பு இடத்துக்குப் பதில் மிக உயர்ந்த மதிப்பு இடத்துக்குப் போயிருக்கிறது. கோப்பைப் படிக்கும் ரீட்பின் ஃபங்ஷன், எண்டியனைச் சொல்லாவிட்டால் ஓடும் எந்திரத்தின் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளும். "லிட்டில்" என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியானது. ஆரின் சொந்த வடிவமான ஆர்டிஎஸ் கோப்பாக இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது, ஆர் அதை இயல்பாகவே ஒரே பைட் வரிசையில்தான் எழுதுகிறது.

சரிபார்க்க கியூஎமு எமுலேட்டரில் ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் தலைவர் கேட்டார்: "மெயின்ஃப்ரேமில் உட்கார்ந்து மழையை யார்யா அளக்கிறான்?" பதில் இல்லைதான். ஆனால் எண்டியன் சொல்லாத அந்த வரி எழுதிய நாளிலிருந்தே தப்பு. லிட்டில் எண்டியன் எந்திரங்கள் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தன.

பை வாத்தியார்:
தேனருவி அம்மா சொன்ன "சிப் ஒன்று, இயங்குதளம் வேறு" என்பதற்கு இன்னொரு சாட்சி.

கல்லூரி ஆய்வகத்தில் ராஸ்பெர்ரி பை, ஆர்ம் சிப் உள்ள சின்னக் கணினி. ஒரு பேக்கேஜ் கோப்பைத் திறந்தால் மூடாது. நினைவகம் நிரம்பி, சுட்டி அசையாமல், பையன்கள் என்னையே பார்க்கிறார்கள். உள்ளே சி-யில் கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்து சார் (ஒரு பைட்) மாறியில் வைத்து, கோப்பு முடிந்தது என்பதற்கான −1 வந்தால் நிறுத்து என்று எழுதியிருக்கிறது. எக்ஸ்86-ல் சார் குறியுள்ளது, −1 வரும், நிற்கும். ஆர்ம் லினக்ஸில் சார் குறியற்றது. −1 அங்கே 255. 255 எந்தக் காலத்திலும் −1 ஆகாது, ஆகவே கோப்பு முடிந்த பிறகும் படித்துக்கொண்டே இருக்கும்.

எழுதியவருக்குத் தகவல் சொன்னேன். "என் எம்2 மேக்கிலும் ஆர்ம்தான், ஒழுங்காக ஓடுகிறதே" என்று பதில். உண்மைதான். ஆப்பிள் தன் ஆர்ம்-ல் சாரைக் குறியுள்ளதாகவே வைத்திருக்கிறது. அவரிடம் கேட்க வேண்டியது ஒரு சொல் மாற்றம்: சார் என்பதை இன்ட் ஆக்கு. அதற்கு மூன்று மடல் எழுத வேண்டியிருந்தது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

கடைசிபெஞ்ச்:
ரிஸ்க்-ஃபைவ் (இன்னொரு சிப் வகை) போர்டு யாராச்சும் தொட்டீங்களா? ஆர்வத்துல வாங்கினேன். என்ஏ-வோட 1-ஐக் கூட்டினேன், என்ஏ வரல, நேன் வந்துச்சு. ஆர் தன்னோட என்ஏ-வை அடையாளம் கண்டுக்க நேனுக்குள்ள 1954-ங்கிற எண்ணை ஒளிச்சு வெக்குது. ரிஸ்க்-ஃபைவ் கணக்குப் போட்டு நேன் வந்தா உள்ள இருந்ததைத் துடைச்சுட்டு ஒரே மாதிரி நேனைத்தான் தரும், விதியே அப்படி. 1954 போச்சு.

இதுல கொடுமை, இஸ்.என்ஏ கேட்டா ரெண்டுக்கும் ஆமாம்னுதான் சொல்லும். அதனால டெஸ்ட் பாதி பாஸ். சுருக்க அட்டவணையில மட்டும் "தரவு இல்லை"-ங்கிற இடத்துல எல்லாம் "கணக்கு உடைஞ்சது"ன்னு நிக்குது. குழுவுல ஒருத்தர் அந்தக் கட்டமைப்புக்கு டெஸ்டை ஸ்கிப் பண்ணிடலாம்னு ஒரு வரி சேத்துட்டார். இப்ப பேட்ஜ் பச்சை. ஸ்கிப்பை எடுக்கச் சொல்லி நான் போட்ட கோரிக்கை இன்னும் திறந்தே கிடக்கு.

பழைய கை:
ஸ்கிப் போட்டால் பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள் தம்பி. அப்புறம் அந்த விதை எண் விஷயத்தை நான் முடிக்கவே இல்லை...